ஐந்தருவி விழுந்துட்டு

எங்கள் ஊரில் சாரல் காலம் வந்துவிட்டால் தெருவில் எதிரே வருகிறவர் சௌக்கியமா என்று கேட்க மாட்டார். "விழுதா?" என்றுதான் கேட்பார். எது விழுகிறது, எங்கே விழுகிறது என்ற விளக்கமெல்லாம் கிடையாது. தென்காசியில் நின்றுகொண்டு அந்த விளக்கத்தைக் கேட்டால் வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடும். "மெயினருவி நல்லா விழுது, ஐந்தருவி சுமாரா விழுது, பழைய குத்தாலம் இன்னும் விழல" என்று பதில் வரும். விழுவது நல்ல சேதி. விழாமல் இருப்பது கெட்ட சேதி. உலகத்தில் மற்ற எல்லா இடங்களிலும் இதற்கு நேர் எதிர் என்பது எனக்கு ஐம்பது வயது நெருங்கும்போதுதான் விளங்கியது. விளங்கியது என்பதுகூட அதிகப்படிதான். இன்னும் கொஞ்சம் குழப்பமாகவே இருக்கிறது.

நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். சென்னையில் ஒரு நிறுவனம். ஸ்கேன் படம், பத்திரத்தின் நகல், கல்யாண வீடியோ என்று ஊரார் சாமான்களை வாங்கி மிஷின்களில் பத்திரமாக வைத்துக்கொடுப்பது அதன் தொழில். ஒரே மிஷினில் வைத்தால் அது கெட்டுப்போகிற அன்று சாமானும் போய்விடும். அதனால் எதையும் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூன்று பிரதி எடுத்து, மூன்று வெவ்வேறு மிஷின்களில் போட்டு வைப்போம். ஒன்று போனால் மற்றதில் இருக்கும்.

இதை மனைவிக்கு ஒருநாள் பெருமையாக விளக்கினேன். அவள் பள்ளிக்கூட டீச்சர். முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்க ஒங்க கண்ணாடிய ஒரே எடத்துல வச்சே நாள் பூரா தேடுதீய. மூணு எடத்துல வச்சா மூணு எடத்துலயும்லா தேடணும்?" என்றாள். உண்மையில் எங்கள் நிறுவனத்தின் மொத்தப் பிரச்சினையும் அதுதான்.

பல வருஷமாக அவள் ஒரு ஊர், நான் ஒரு ஊர். சனிக்கிழமை காலையில் ரயிலில் வந்து இறங்கி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி ரயில் ஏறும் புருஷன் நான். பக்கத்து வீட்டுக்காரர் வெகுகாலம் என்னை வீட்டு விருந்தாளி என்றே நினைத்திருந்தார். அவளுக்கு இலஞ்சிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கிடைத்ததும் தென்காசியில் வீடு பிடித்தோம். நானும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று மேனேஜரிடம் கேட்டேன்.

என் மேனேஜர் என்னைவிட வயதில் மிகவும் இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். மரியாதை இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால் யார் யாருக்கு மேல் என்பது சம்பள நாளன்று மட்டும் ஞாபகம் வரும்.

"சார், நம்ம ஸ்டோரேஜுக்கு ஒரு நல்ல மானிட்டரிங் சிஸ்டம் வேணும். எந்த மிஷின் எப்படி இருக்குன்னு அது பாக்கணும், பிரச்சினைன்னா சொல்லணும். ரொம்ப ஃப்ளெக்சிபிளா இருக்கணும். ஒங்க ஊர் சாரல் சீசன் முடியறதுக்குள்ள நீங்க அங்க இருந்தே அதை டிசைன் பண்ணி ஓட்டிக் காட்டிட்டீங்கன்னா, நீங்க அங்கயே இருங்க. இல்லன்னா கெளம்பி வந்துடுங்க. பழையபடி ஆபீஸ்தான்."

போனை வைத்ததும் மனைவியிடம் சொன்னேன். அடுத்த வாரம் ஒருநாள் அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு லோடு ஆட்டோவில் தேக்கு மேஜை ஒன்றும் கூடவே வந்தது.

"எதுக்கு இது?"

"நீங்க இருந்தா ஒங்களுக்கு. போனா நான் பேப்பர் திருத்திக்கிடுவேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் மேஜையின் உயரத்தை என் நாற்காலிக்கு அளந்து செய்யச் சொல்லியிருந்தாள் என்பதை உட்கார்ந்து பார்த்தபோது கண்டுகொண்டேன்.

மேஜையில் உட்கார்ந்து முதல் வாரம் முழுக்க ஃப்ளெக்சிபிள் என்றால் என்ன என்று யோசித்தேன். தமிழில் நெகிழ்வு என்று எழுதி வைத்துப் பார்த்தேன். அது இன்னும் மோசமாக இருந்தது. எதைக் கண்காணிப்பது? மிஷினில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறது, உயிரோடு இருக்கிறதா. ஆரம்பத்தில் இவை போதும் என்று நினைத்தேன். அப்புறம் பயம் வந்தது. நாளைக்கு வேறு ஏதாவது கேட்டால்? எல்லாவற்றையும் சேர்த்தேன். கடைசியில் திரை முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்குள் கட்டங்கள், பச்சை, மஞ்சள், சிவப்பு. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையைக் காலை நேரத்தில் மாடியிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. எல்லாம் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பி வந்தான். டூரிஸ்ட் வேன் வைத்து ஓட்டுகிறவன். சீசனில் ஆட்களை அருவிக்குக் கூட்டிப்போவான், சூரியகாந்தி பூக்கிற காலத்தில் கேரளத்துக்காரர்களைச் சுந்தரபாண்டியபுரத்துக்குக் கூட்டிப்போய் பூவோடு படம் பிடிக்க வைப்பான். என் திரையைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றான்.

"யத்தான், இது என்ன செய்யுது?"

"சென்னையில இருக்க மிஷினெல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாக்குது."

"அப்ப நீங்க?"

"இது ஒழுங்கா பாக்குதான்னு நான் பாக்கேன்."

"எங்கக்கா?"

"அவ என்னயப் பாக்கா."

"எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தா வேலைய யாரு யத்தான் பாக்கா?"

அவன் சிரித்துக்கொண்டே காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டான். நான் அந்தக் கேள்வியோடு அன்று சாயங்காலம் வரை இருந்தேன்.

வழி கிடைத்தது மெயினருவியில்தான். அங்கே தண்ணீர் விழும் இடத்தில் ஒரு ஆர்ச் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அந்த ஆர்ச்சைத் தாண்டி வந்து விழுந்தால் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றிவிடுவார். ஐந்தருவியில் கணக்கு வேறு. பழைய குற்றாலத்தில் வேறு. தலையில் எண்ணெயோடு நின்றபோது தோன்றியது: எல்லா மிஷினுக்கும் ஒரே எல்லைக்கோடு எதற்கு? ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஆர்ச். அதை மிஷினுக்குள் வைக்காமல் வெளியே ஒரு இடத்தில் எழுதி வைத்துக்கொண்டால் வேண்டும்போது ஏற்றலாம், இறக்கலாம். புதிதாக ஒன்றைக் கவனிக்க வேண்டுமென்றால் அங்கே ஒரு வரி சேர்த்தால் போதும். ஓடுகிற எதையும் நிறுத்த வேண்டாம். ஃப்ளெக்சிபிள் என்றால் இதுதான் போலும் என்று எண்ணெய் கண்ணில் வழிய வழிய வீட்டுக்கு ஓடிவந்தேன்.

வந்த வேகத்தில் இன்னொன்றும் செய்தேன். மிஷின்களுக்கு நீளமான நம்பர்கள்தான் பெயர். எந்த நம்பர் எது என்பது எனக்கு நிற்கவே இல்லை. அதனால் அருவிகளின் பெயரை வைத்தேன். மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி, தேனருவி, செண்பகாதேவி. மேனேஜருக்கு அனுப்பியதும், "க்யூட்டா இருக்கு சார். ஆனா ஆர்ச்னா என்ன சார்?" என்று கேட்டார். விளக்கினேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, ஆனால் குற்றாலம் பார்க்க வேண்டும் என்றார்.

பிரச்சினை வந்தால் போனுக்கு ஒரு வரிச் சேதி போக வேண்டும். இங்கிலீஷில் நீளமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை. நானே படிப்பதில்லை. அதனால் தமிழில் எழுதினேன். மிஷின் நின்றுபோனால் டவுன் என்போம், டவுன் என்றால் விழுந்தது. "ஐந்தருவி விழுந்துட்டு." எவ்வளவு சுருக்கம், எவ்வளவு தெளிவு.

சோதனைக்கு ஒரு மிஷினை வேண்டுமென்றே நிறுத்தச் சொன்னேன். சென்னையில் மிஷின்களைக் கவனிக்கும் அறையில் ஒரு தம்பி இருக்கிறார். வியாசர்பாடிப் பிள்ளை. சேதி போன சற்று நேரத்தில் கூப்பிட்டார்.

"சார், மெசேஜ் பாதில நிக்குது சார்."

"என்ன வந்திருக்கு?"

"ஐந்தருவி விழுந்துட்டு."

"சரிதானே?"

"விழுந்துட்டு என்னா சார் பண்ணுச்சு?"

"என்ன பண்ணுச்சுன்னா?"

"விழுந்துட்டு எழுந்துச்சா, விழுந்துட்டு அங்கயே கெடக்குதா? மீதி வரல சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேதி வழியில் எங்கோ வெட்டுப்படுகிறது என்று அர்த்தம். காலை முழுக்கத் தேடினேன். சேதி கிளம்பும் இடத்தில் முழுதாக இருக்கிறது. நடுவில் முழுதாக இருக்கிறது. போய்ச் சேரும் இடத்திலும் முழுதாக இருக்கிறது. தம்பியை மறுபடி கூப்பிட்டால், "இன்னும் அதேதான் சார், விழுந்துட்டு, அப்புறம் ஒண்ணுமில்ல" என்கிறார். எழுத்து வடிவம் சரியில்லையோ என்று மாற்றினேன். ஒரு சேதிக்கு இவ்வளவு எழுத்துதான் என்று எங்காவது கட்டுப்பாடு இருக்கிறதோ என்று துழாவினேன். அந்த அளவுக்கு நீளமான சேதியும் இல்லை அது. இந்த ஒரு வரியையே முழுதாகக் கொண்டுபோகத் தெரியாத என்னை எந்த மேனேஜர் தென்காசியில் விட்டுவைப்பார் என்று மேஜையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் மனைவி சாப்பிட வந்ததும் போனை நீட்டினேன்.

"இதுல என்ன கொறயுது, பாரு."

படித்தாள். "ஐந்தருவி விழுந்துட்டு. என்ன கொறயுது? எல்லாம் இருக்கே."

"சென்னையில மீதி வரலங்கான்."

மறுபடி படித்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜையிலேயே சாய்ந்துவிட்டாள். "நம்ம ஊர்லதான் வந்துட்டுன்னா வந்தாச்சு, போயிட்டுன்னா போயாச்சு. அங்கன வந்துட்டுன்னா, வந்துட்டு அப்புறம் எங்கயோ போறதுலா? நீங்க பாதி வாக்கியத்த அனுப்பிட்டு அந்தப் பையனக் காக்கப் போட்டிருக்கீய!"

சென்னையில் அத்தனை வருஷம் இருந்தவன் நான். நான் "வந்துட்டு" என்று சொன்னபோதெல்லாம் ஆபீஸில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் சொல்வதை அவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். மீதி வாக்கியத்துக்குக் காத்திருந்திருக்கிறார்கள்.

இதிலிருந்து நான் பாடம் கற்றிருக்கலாம். அதற்குப் பதிலாகப் புத்திசாலித்தனம் செய்தேன். நம்முடையதுதான் ஃப்ளெக்சிபிள் சிஸ்டம் ஆயிற்றே! சேதி யாருக்குப் போகிறதோ அவருடைய பேச்சிலேயே போகட்டும் என்று வைத்தேன். சென்னைத் தம்பிக்கு "விழுந்துடுச்சு". மேனேஜருக்கு இங்கிலீஷ். எனக்கு மட்டும் "பழைய குத்தாலம் விழுந்துட்டு" என்று அச்சு அசலாக எங்கள் ஊர்ப் பேச்சு. மேனேஜர் மகிழ்ந்துபோனார். "இதைத்தான் சார் நான் ஃப்ளெக்சிபிள்னு சொன்னேன்" என்றார். அதைத்தான் சொன்னார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

சிஸ்டம் ஓட ஆரம்பித்தது. சென்னையிலும் எல்லார் வாயிலும் அருவிப் பெயர்களே நிலைத்துவிட்டன. நாளுக்கு நாள் பச்சையாகவே இருந்தது. வீட்டில் மேஜைக்கு ஒரு விரிப்பு வந்தது. சீசன் முடியப் போகிற நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார்.

"நானே வரேன் சார். நேர்ல உக்காந்து ரிவ்யூ பண்ணி முடிவு பண்ணிடலாம். அப்படியே குற்றாலமும் பாத்துடறேன்."

அவர் வந்து இறங்கிய வாரம் பார்த்துச் சாரல் ஏமாற்றிவிட்டது. மெயினருவியில் பாறையை நனைக்கிற அளவுக்குத்தான் தண்ணீர். முதலில் அருவி, அப்புறம் ரிவ்யூ என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வறண்ட பாறையைப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறவர் என்ன மனநிலையில் முடிவு எடுப்பார்? மச்சினனிடம் சொல்லி வைத்திருந்தேன். அவனுடைய வேன்காரர்கள் குரூப் ஒன்று உண்டு. என்னையும் அதில் சேர்த்திருந்தான். எந்த அருவியில் தண்ணீர் வருகிறதோ அங்கே நிற்கிற வேன்காரர் உடனே ஒரு வரி போடுவார்.

மச்சினன் வேனை ஓட்ட, மேனேஜர் முன்னால், நானும் மனைவியும் பின்னால். லேப்டாப் பை என் மடியில். ஜன்னல் வழியே வந்த புழுதியில் மூக்குக்கண்ணாடி மங்கியதால் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். குற்றாலம் ரோட்டில் பாதி வந்திருப்போம். போன் சிணுங்கியது. திரையின் மேலே ஒரு வரி. கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது.

பழைய குத்தாலம் விழுந்துட்டு.

"ஏலே, பழைய குத்தாலம் விழுந்துட்டு! வண்டிய அங்கன திருப்பு!" என்று கத்தினேன்.

"யாரு சொன்னா? காலையில எலும்புமாதிரிலா கெடந்துச்சு."

"இப்பத்தான் மெசேஜ் வந்துட்டு."

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். "வந்துட்டு?"

"வந்துடுச்சு மேடம்" என்று மொழிபெயர்த்தேன்.

"நல்ல நியூஸா சார்?"

"ரொம்ப நல்ல நியூஸ் மேடம். நீங்க வந்த நேரம் விழுந்துட்டு. ஒங்க ராசி."

அவர் கைதட்டினார். ஊரார் ஸ்கேன் படங்கள் எல்லாம் இருக்கிற மிஷின் ஒன்று விழுந்ததற்கு அதன் மேனேஜரைக் கைதட்ட வைத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பழைய குற்றாலத்தில் போய் இறங்கினால் பாறைதான் இருந்தது. ஓரத்தில் நூல்போல ஒரு ஒழுக்கு. அங்கே நின்ற கேரளக் குடும்பம் ஒன்று மச்சினனிடம், "வெள்ளம் உண்டோ?" என்று கேட்டது.

"வெள்ளமெல்லாம் வராது சேட்டா. மொதல்ல தண்ணி வரட்டும்" என்றான் அவன். வெள்ளம் என்றால் அவர்கள் பேச்சில் தண்ணீர்தான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். கோபத்தில் இருந்தான். என்னிடம் திரும்பி, "எங்க யத்தான் விழுந்துட்டு? நீங்கதான் விழுந்திருக்கீய. எவன்ட்ட ஏமாந்து விழுந்தீயன்னு தெரியல" என்றான்.

அப்போது போன் மறுபடி சிணுங்கியது.

புலியருவி விழுந்துட்டு.

"சரி விடு, புலியருவி விழுந்துட்டாம். அங்கன போவோம்."

"யத்தான், மலையப் பாருங்க. மேகம் இருக்கா? தண்ணி எங்கேருந்து வரும், டேங்கர் லாரியிலயா?"

எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. போனைத் தள்ளி வைத்தும் கிட்டே வைத்தும் பார்த்தேன். மனைவி என் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து என் மூக்கில் மாட்டிவிட்டாள். மாட்டிவிடும்போதே அவள் கண் போனில், சேதிக்கு மேல் இருந்த சின்ன எழுத்தில் விழுந்தது.

"இங்கேருங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இது தம்பி குரூப்பு இல்ல. ஒங்க மிஷினு."

மூன்று பிரதிகள். ஒரு மிஷின் விழுந்தால் பிரச்சினையே இல்லை. இரண்டு விழுந்தால், அந்த இரண்டிலும் பிரதி வைத்திருந்த துண்டுகளுக்கெல்லாம் இனி ஒரே ஒரு இடம்தான். நாங்கள் பிரித்துப் போட்டிருந்த விதத்தில் பெரும்பாலும் அது தேனருவி. அதுவும் போனால் யாரோ ஒருவருடைய ஸ்கேன் படம் இந்த உலகத்திலேயே இருக்காது. என் மேஜையும் இருக்காது. மேனேஜருக்கும் அவருடைய போனில் இங்கிலீஷில் வந்திருந்தது. சத்தத்தை அணைத்துப் பைக்குள் போட்டிருந்ததால் அவர் பார்க்கவில்லை. இப்போது எடுத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ராசி என்று நான் சொன்னது அவருக்கு ஞாபகம் வருவது முகத்தில் தெரிந்தது.

சென்னைக்குக் கூப்பிட்டேன். "தம்பி, பழைய குத்தாலம்..."

"பாத்துட்டேன் சார். ரெண்டும் விழுந்துடுச்சு. ரெண்டுக்கும் ஒரே கரண்ட் போர்டு சார், அது ட்ரிப் ஆயிருச்சு. ஆள் போய்ட்டாரு, இதோ பழைய குற்றாலம் வந்துனு இருக்கு. தேனருவி நிக்குது சார், பயப்படாதீங்க."

"நின்னுட்டா?" என்று அலறினேன். எங்கள் ஊரில் அருவி நின்றுவிட்டால் கதை முடிந்தது.

"நிக்குது சார்! ஸ்டெடியா நிக்குது. விழல."

விழவில்லை என்றால் நல்லதா கெட்டதா என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்தது. நல்லது. அப்பாடா, நல்லது.

மேனேஜர் போனை வாங்கித் தம்பியிடம் பேசினார். பிறகு என்னிடம், "ரெண்டு மிஷினும் ஒரே கரண்ட் போர்டுல இருக்குன்னு சிஸ்டத்துக்குத் தெரியாதா சார்?" என்றார்.

"தெரியாது மேடம். மிஷினத்தான் பாக்குது. போர்டப் பாக்கல."

"சேக்க முடியுமா? இப்பவே? எதையும் நிறுத்தாம?"

இதுதான் ரிவ்யூ என்று எனக்குப் புரிந்தது. ஏசி அறையில், விரிப்புப் போட்ட மேஜையில், காப்பியோடு நடக்க வேண்டியது. வேனின் பின்சீட்டில் லேப்டாப்பைத் திறந்தேன். சிக்னல் இல்லை. மச்சினன் வேனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் எடுத்தான். "இப்ப?" "இல்லடே." "இப்ப?" "ஒரு கட்டை வந்துட்டு." மேனேஜர் என்னைப் பார்த்தார். வந்துட்டு, அவ்வளவுதான் என்றேன். ஒரு மாமரத்தடியில் சிக்னல் கிடைத்தது. எந்த மிஷின் எந்தப் போர்டில் என்று தம்பி போனில் சொல்லச் சொல்ல, வெளியே எழுதி வைத்திருந்த அந்த விதிகளின் கீழே சேர்த்தேன்: ஒரே போர்டில் இருக்கும் மிஷின்களில் ஒன்று தடுமாறினாலே மற்றதையும் சேர்த்துச் சொல். அனுப்பினேன். ஒருமுறை தப்பாகப் போனது. திருத்தி மறுபடி அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் போர்டுகளுக்குப் புதிதாக ஒரு வரிசைக் கட்டம் தோன்றியது. எதுவும் நிற்கவில்லை. பழைய குற்றாலம் பச்சையானது. புலியருவி மஞ்சளாகிப் பச்சையானது. விட்டுப்போன பிரதிகள் தாமாகவே எழுதப்பட ஆரம்பித்தன. நான் டிசைன் செய்தது நான் சொன்னபடியே வேலை செய்வதைப் பார்த்து எல்லாரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டது நான்தான்.

"மொதல்ல அந்த வார்த்தைய மாத்துங்க" என்றாள் மனைவி.

"என்னன்னு மாத்த?"

"வண்டி ரிப்பேராகி நின்னா நாங்க படுத்துட்டுன்னு சொல்லுவோம்" என்றான் மச்சினன்.

படுத்துட்டு. நன்றாகத்தான் இருந்தது. அருவி விழும், நிற்கும், படுக்காது. எனக்கு வருகிற சேதியில் அந்த ஒரு வார்த்தையை அங்கேயே மாற்றினேன்.

திரும்பும் வழியில் மேனேஜர் மங்குஸ்தான் வாங்க நிறுத்தச் சொன்னார். பழத்தை உடைக்கத் தெரியாமல் கையெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டு, கடைக்கு முன்னால் நின்றபடியே முடிவைச் சொன்னார்.

"சார், சிஸ்டம் ரொம்ப நல்லா இருக்கு. யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்குச் சரியா சொல்லுது. அவங்க உடனே பாத்துட்டாங்க. புதுசா ஒண்ணைச் சேத்தோம், எதுவும் நிக்கல. ஆனா அதுல ஒரே ஒரு வீக் பாயிண்ட் இருக்கு."

"என்ன மேடம்?"

"நீங்கதான் சார்." சிரிக்கவில்லை. "நீங்க இங்கயே இருங்க. டிசைன் எல்லாம் நீங்களே பாருங்க. ஆனா அலர்ட் லிஸ்ட்லேருந்து ஒங்க நம்பரை எடுத்துடறேன்."

தலையாட்டினேன். மனைவி என் கையிலிருந்த லேப்டாப் பையை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, மேனேஜரை ரயில் ஏற்றிவிட்டு, மேஜையில் உட்கார்ந்த பிறகு கேட்டேன்.

"அந்தப் பிள்ள என்னயப் பாராட்டிச்சா, ஏசிச்சா?"

"இருக்கச் சொல்லிச்சுல்லா?"

"சொல்லிச்சு. ஆனா நான் செஞ்ச சிஸ்டம் எங்கிட்ட மட்டும் பேசக்கூடாதுன்னும் சொல்லிச்சே."

"நான்கூட முக்கியமான விஷயத்த ஒங்ககிட்ட கடேசியிலதான் சொல்லுதேன். அதுக்காக நீங்க இந்த வீட்டுல இல்லன்னு ஆயிட்டா?" என்றாள். முக்கியமான விஷயம் என்ன என்று கேட்டேன். மேஜைக்குத் தவணையா ரொக்கமா என்பதுகூட உங்களுக்கு இன்னும் தெரியாது என்றாள். உண்மைதான்.

மறு மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. எட்டிப் பார்த்தேன்.

மெயினருவி படுத்துட்டு.

அலர்ட் லிஸ்டில் என் நம்பர் இல்லை என்பதே மறந்து, வாயில் நுரையோடு ஓடினேன். நாற்காலி ஒரு பக்கம் சாய, லேப்டாப்பைத் திறந்தேன். எல்லாம் பச்சை. மெயினருவி பச்சை, அதன் போர்டு பச்சை, பக்கத்தில் இருந்தவை எல்லாம் பச்சை. சிஸ்டமே பொய் சொல்கிறதோ என்று மறுபடி திறந்தேன். பச்சை. சென்னைத் தம்பியைக் கூப்பிட்டேன். "இன்னா சார், காலங்காத்தால? எல்லாம் நிக்குது சார்" என்றார்.

மனைவி சமையலறையிலிருந்து வந்து போனை எடுத்து, கண்ணாடியை என் மூக்கில் மாட்டிவிட்டு, திரையை என் முன்னால் பிடித்தாள். வேன்காரர்கள் குரூப். அனுப்பியவன் மச்சினன். கீழே இன்னொரு வேன்காரர் போட்டிருந்தார்: ஐந்தருவியும் படுத்துட்டு. அதற்குக் கீழே வேறொருவர்: எல்லாம் படுத்துட்டு, சீசன் அவ்ளோதான்.

"வாயக் கழுவிட்டு வாங்க, இட்லி ஆறுது" என்றாள்.